குளத்தை விட்டுப் போகாத கொட்டி

கொட்டிக்கிழங்கு என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். அறுபதுக்குக் கீழே உள்ளவர்கள், "அது என்ன கிழங்கு, சேப்பங்கிழங்கு மாதிரியா?" என்று கேட்பார்கள். அந்தக் கிழங்கின் பூவைப் பற்றிக் கேட்டால் என் வயதுக்காரர்களே கொஞ்சம் விழிப்பார்கள். தின்றது நினைவிருக்கும், பூத்தது நினைவிருக்காது. அந்தப் பூவின் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் குயிலாப்பாளையம் செம்மண் மேட்டின் மேல் இருக்கிறது. கிழக்கே சரிந்து இறங்கினால் பொம்மையார்பாளையம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பிறகு கடல். மேற்கே இரும்பை ஏரி. வடக்கே மரக்காணம் பக்கம் போகப்போகத் தரை தட்டையாகிக் கழுவேலியில் கலந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தாழ்ந்த நிலமெல்லாம் முழங்கால் தண்ணீராய் நிற்கும். பங்குனியில் வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடக்கும். வருஷத்தில் பாதி குளம், பாதி மந்தைவெளி. இப்படிப்பட்ட இடம்தான் கொட்டிக்கு வீடு.

மழை பெய்து சில வாரம் கழித்துப் போனால், நீள்வட்ட இலைகள் தண்ணீர் மேல் படுத்திருக்கும். நடுவே ஒரு காம்பு, விரல் நீளத்துக்குத் தண்ணீருக்கு மேல் எழும்பி நிற்கும். அதைச் சுற்றிப் பொடிப்பொடியாய்ப் பூ, இளம் ஊதா நிறத்தில். ஆம்பல் மாதிரி கண்ணைப் பறிக்காது. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அது பூ என்றே தெரியும். குளம் வற்ற வற்ற இலை அழுகிவிடும், காம்பு காய்ந்துவிடும். சேற்றுக்குள்ளே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கிழங்கு மட்டும் உயிரோடு தூங்கிக்கொண்டிருக்கும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் வெங்காயத்தைக் குமிழம் என்றும் சேனையைக் கந்தம் என்றும் பிரித்துச் சொல்வார்கள். கொட்டியின் கிழங்கு கந்த வகையோடு சேர்ந்தது. இலை தந்த உணவையெல்லாம் மாவாக்கி அடித்தண்டிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

மூதுரையில் ஔவையார் இதைத்தான் பிடித்துக்கொண்டார். தண்ணீர் இருக்கும்வரை இருந்து, வற்றியதும் பறந்துவிடும் பறவைகளை உறவென்று நம்பாதே. குளத்தோடு சேர்ந்து வாடுகிற கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் பார் என்று சொல்லும் பாட்டு திண்ணைப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். பாட்டை நீதிக்காக மனப்பாடம் செய்தோம். அதிலே உள்ள செடி விவரத்தைக் கவனித்தவர்கள் குறைவு. அவர் சொன்ன மூன்றுக்குமே சேற்றுக்குள் கிழங்கு உண்டு. மேலே வாடினாலும் கீழே சாகாத மூன்றைப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார். குளக்கரையில் நின்று பார்த்தவர் எழுதிய பாட்டு அது.

நான் அந்தப் பாட்டைப் பள்ளியில் கற்கவில்லை, பாட்டியிடம் கற்றேன். என் தாய்மாமா புதுச்சேரியில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் வீட்டில் தங்கிப் பிரெஞ்சு மீடியத்தில் படித்தேன். நாலைந்து மைலுக்குள் இரண்டு சாம்ராஜ்யம் இருந்த ஊர் எங்களுடையது. குயிலாப்பாளையம் தென்னார்க்காடு மாவட்டம், வெள்ளைக்காரன் சீமை. தெற்கே நடந்தால் பிரெஞ்சுக்காரன் சீமை. 1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி நம் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ஆனாலும் வகுப்பில் எங்களுக்கு மே மாதம் முகே பூவைப் பற்றித்தான் கட்டுரை எழுதச் சொன்னார்கள். காட்டில் மணிமணியாய்த் தொங்கும் வெள்ளைப் பூவாம். முசியே கரும்பலகையில் வரைந்து காட்டினார். எங்களில் ஒருவன்கூட அதைக் கண்ணால் கண்டதில்லை. அவரும் இந்த ஊரில் கண்டிருக்க வழியில்லை. கொக்கலிகோ, வியோலெத், முகே என்று பூப்பெயர்கள் இன்னும் எனக்கு வரிசையாய் வரும். கொட்டிக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று யாரும் சொல்லித்தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதற்கு ஒரு பெயர் இருந்தது, பின்னால்தான் தெரிந்துகொண்டேன்: அபோனொஜெத்தோன். அந்தப் பெயர் வந்த விதம் ஒரு தனிக் கதை. டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு 1768-ல் கோனிக் என்ற வைத்தியர் வந்தார். செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தாரே லின்னேயஸ், அவருடைய மாணவர். வைத்தியம் பார்த்த நேரம் போக இந்தக் கரையோரச் செடிகளைக் காயவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புவதே அவர் வேலை. 1771-ல் லின்னேயஸ் தன் நூலில் கொட்டிக்கு ஒரு பெயர் சூட்டி, மிதப்பது என்ற பொருளில் நாத்தான்ஸ் என்ற அடைமொழியும் கொடுத்தார். ஆனால் வேறு ஒரு செடியினத்தோடு சேர்த்துவிட்டார். அவர் மகன் பத்தாண்டு கழித்து அதைத் தனி இனமாக்கி அபோனொஜெத்தோன் என்றார். இத்தாலியில் பாதுவா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர் ஊற்று. அதன் பழைய பெயர் அபோனுஸ். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்பது அந்தப் பெயரின் பொருள். எங்கள் ஊர்க் குட்டையில் கிடக்கும் செடிக்கு இத்தாலிய ஊற்றின் அண்டைவீட்டுக்காரன் என்று பெயர்! தகப்பன் வைத்த நாத்தான்ஸையும் மகன் வைத்த இனப்பெயரையும் சேர்த்து 1906-ல் ஜெர்மன்காரர்கள் இருவர் அபோனொஜெத்தோன் நாத்தான்ஸ் என்று பதிவு செய்தார்கள். அதுவே இன்றைக்கும் நிற்கிறது. ஒரு பட்டா மாறுதலுக்கு நூற்று முப்பத்தைந்து வருஷம். எங்கள் ஆபீசைக் குறை சொன்னவர்கள் இதையும் கவனிக்கவேண்டும்.

இதற்கு நடுவே வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், சோழமண்டலக் கரைச் செடிகள் என்ற பெரிய நூலை 1795 முதல் லண்டனில் வெளியிட வைத்தார். மொத்தம் 300 வண்ணப் படம். படங்களுக்கு மூலம் வரைந்தவர்கள் நம் நாட்டுச் சித்திரக்காரர்கள். அவர்கள் பெயர் படத்தின் கீழே இல்லை. அந்த நூலில் கொட்டிக்கும் ஒரு படம் உண்டு. இந்தக் கிழங்கை ஜனங்கள் ஆசையோடு சாப்பிடுகிறார்கள், உருளைக்கிழங்குக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று அவர் எழுதினார். உருளைக்கிழங்கு அப்போது நம் ஜனங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத பண்டம்.

புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றும் தேடிப் பார்த்தேன். 1826-ல் தாவரவியல் தோட்டம் போட்டார்கள். நம் எல்லோரும் பள்ளியிலிருந்து வரிசையாகப் போய்ப் பார்த்த அதே தோட்டம்தான். பெரோத்தே என்ற பெரிய தாவரவியலார் இங்கேயே வாழ்ந்து 1870-ல் இங்கேயே காலமானார். அவர் 1842-ல் அவுரிச் சாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். துணிச்சாயம் காசு, கொட்டி காசில்லை. 1955-ல் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் வந்த பிறகு இந்தியாவின் தாவர வரைபடம் போட ஆரம்பித்தார்கள். 1961-ல் கன்னியாகுமரிப் பகுதி வெளிவந்தது. அருமையான வேலை, நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அளவில் பத்து லட்சத்தில் ஒரு பங்காக நிலத்தைச் சுருக்கும்போது, ஒரு மைல் அகல ஏரியே பென்சில் முனை அளவுதான். குட்டைக்கு எங்கே இடம்? மரக்காணம் பக்கத்துக் காட்டைப் பற்றியும் பின்னால் ஆராய்ந்து எழுதினார்கள். காடு என்றால் கவனம் கிடைக்கும். சேறு யாருக்கும் வேண்டாம்.

சேற்றுக்குப் போனவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். தை கழிந்து மாசி, பங்குனியில் குளத்தின் ஓரம் இறுக ஆரம்பித்ததும் களைக்கொட்டும் கூடையும் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கே தோண்டவேண்டும் என்று காய்ந்த காம்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். கழுவி, உப்புப் போட்டு வேகவைத்தால் கறுப்புத் தோல் உரிந்து உள்ளே வெள்ளையாய் மாவு மாவாய் இருக்கும். புதுச்சேரிச் சந்தைக்குக் கூடையில் கொண்டுபோய் ஆழாக்கில் அளந்து விற்பார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876, 77-ல், குளத்துச் சேற்றைக் கிளறியே உயிர் பிழைத்ததாக என் பாட்டி தன் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்தக் கதையில் முக்கியமான ஒன்று உண்டு. பெரிய கிழங்கைத்தான் எடுக்கவேண்டும், குண்டுமணி அளவு இருப்பதைத் திரும்பச் சேற்றிலேயே அழுத்திவிடவேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த கட்டு. பஞ்சத்திலும் அதை மீறவில்லை என்று பாட்டி சொல்வாள். வயிறு காயும்போது எவ்வளவு தூரம் அந்தக் கட்டு நின்றிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் அடுத்த வருஷமும் கிழங்கு இருந்திருக்கிறது.

வெளியூரிலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இதன் பங்காளி ஒன்று இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில்தான் மழை. குளம் நிறைந்ததும் இரட்டைக் கதிராய் வெள்ளைப் பூ விடும், கோடையில் கிழங்காய்த் தூங்கும். அந்தப் பூவை ஆட்டுக்கறியோடு போட்டுக் குழம்பு வைப்பது அவர்களுக்கு விசேஷச் சமையல். இப்போது பண்ணைக் குளம் வெட்டிப் பயிர் செய்கிறார்கள். அதே செடி தென் பிரான்சு ஆற்றிலும் தானாக வளர்கிறது. மடகாஸ்கரில் இன்னொரு பங்காளி, இலை முழுதும் ஜன்னல் கம்பி போல ஓட்டை. அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதி வைத்த உவிராந்திரா என்ற பெயர், அந்த ஊர் ஜனங்கள் சொன்ன தண்ணீர்க்கிழங்கு என்ற சொல்லே. இலங்கையில் சிங்களவர்கள் கெகட்டிய என்று சொல்லி இந்த இனத்தில் ஒன்றின் பூந்தண்டைக் கறி சமைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கத்து மேட்டில் மழைக்குட்டைகளில் மட்டும் வாழும் ஒன்று அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலில் ஏறியிருக்கிறது.

நம் கொட்டி அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா, இலங்கை என்று பரந்து கிடப்பதால் மொத்தக் கணக்கில் அதற்கு ஆபத்து இல்லை என்பார்கள். மொத்தக் கணக்கு எப்படிப் போடப்படும் என்று முப்பத்தி நாலு வருஷம் எழுத்தராக இருந்த எனக்குத் தெரியும். மாவட்டத்துக்குக் கூட்டுத்தொகை சரியாக இருக்கும், கிராமத்தில் ஒன்றும் இருக்காது. குயிலாப்பாளையத்தைச் சுற்றி நான் சிறுவயதில் கொட்டி பார்த்த குட்டைகள் ஏழு. இன்று அவற்றில் ஒன்றிலும் இல்லை.

ஏன் போயிற்று? வறட்சியால் என்று எல்லோரும் சட்டென்று சொல்வார்கள். அது தவறு. வறட்சி கொட்டிக்குப் பழக்கம். குளம் வற்றவேண்டும், அதுதான் அதற்குச் சௌகரியம். வற்றினால்தான் ஆகாயத்தாமரை சாகும், சம்பு அடங்கும், கிழங்கை மேயும் பெரிய மீன் தங்காது. எப்போதும் தண்ணீர் நிற்கும் ஆழக் குளத்தில் கொட்டிக்கு இலையை மேலே கொண்டுவரவே சக்தி போதாது. வற்றாமல் இருக்கவேண்டும் என்று நாம் குளத்தை ஆழப்படுத்துகிறோம். 2017 வாக்கில் குடிமராமத்து மறுபடி வந்தபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். வரத்துவாய்க்காலைத் தூர்வாரியதும் கரையைப் பலப்படுத்தியதும் வேண்டிய வேலை. ஆனால் பழைய குடிமராமத்தில் மண்வெட்டி, தலைக்கூடை, இப்போது பொக்லைன். மேல் வண்டலை ஒரே நாளில் சுரண்டி லாரியில் ஏற்றிவிடும். கொட்டிக்கிழங்கு இருப்பது அந்த மேல் வண்டலில்தான். ஒரு மூலையை மட்டும் தொடாமல் விடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்ல ஆளில்லை.

கரையோரத்தில் வேறு ரகம். தொண்ணூறுகளில் இறால் பண்ணை வந்தது. உப்புத்தண்ணீரை உள்ளே இழுத்துக் கட்டினார்கள். 1996 டிசம்பர் 11-ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டுத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்தால் பண்ணை மூடலாம். மண்ணில் இறங்கிய உப்பு தீர்ப்புக்குக் கட்டுப்படாது. மிச்ச இடங்களில் சீமைக் கருவேலும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பிடித்துக்கொண்டன.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது என் தொழிலைச் சேர்ந்தது. வெள்ளைக்காரன் கணக்கில் நிலத்துக்கு நஞ்சை, புஞ்சை, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று பிரிவுகள். பிரெஞ்சுக்காரன் கணக்கில் எத்தாங் என்றால் ஏரி, மார் என்றால் குட்டை, மற்றதெல்லாம் தெரேன் வாக், அதாவது சும்மா கிடக்கும் நிலம். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் என்பதால் பழைய பத்திரங்களை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இரண்டு வகைக் கணக்கையும் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் குளமாகவும் ஆறு மாதம் தரையாகவும் இருக்கும் இடத்துக்கு இரண்டிலுமே பத்தி கிடையாது. ஜனங்களிடம் தாங்கல், தரவை, களப்பு என்று சொல் இருந்தது. பதிவேட்டில் ஏறியதோ ஒன்று ஏரி, இல்லாவிட்டால் தரிசு. அளக்க வந்தவன் மாசியில் வந்தால் குட்டை, வைகாசியில் வந்தால் தரிசு.

ஒரு அலுவலகத்தில் நான் தபால் பிரிவில் இருந்தபோது, ஒரு குட்டையை மூடிக் கட்டடம் கட்ட அனுமதி கேட்ட கோப்பு பதிவுக்காக வந்தது. இடத்தைப் பார்வையிட்டவர் எழுதிய குறிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால் பயன்பாட்டில் இல்லாத நீர்நிலை. பார்வையிட்ட தேதி மே மாதம். கார்த்திகையில் ஒரு நடை போயிருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கமாட்டார். கட்டடம் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதன் கீழ்த்தளத்தில் தண்ணீர் நிற்கிறது, மோட்டார் வைத்து இறைக்கிறார்கள்.

கழுவேலிக்கு மட்டும் காலம் கொஞ்சம் கண் திறந்திருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நல்லது, மனதார வரவேற்கிறேன். ஆனால் மூதுரையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தண்ணீர் வற்றினால் பறந்துபோகும் கட்சிக்குச் சரணாலயம் கிடைத்துவிட்டது. கூடவே கிடந்து வாடும் கட்சி, சரணாலய எல்லைக்கு வெளியே ஆயிரம் குட்டைகளில், சர்வே நம்பர்கூடச் சரியாக இல்லாமல் கிடக்கிறது.

ஆரோவில் வந்தபோது, 1968 பிப்ரவரி 28-ல், எங்கள் மேடு மொட்டையாய் இருந்தது. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடிக் கடலே சிவந்துவிடும். அவர்கள் கரை போட்டுத் தண்ணீரைத் தடுத்து மரம் வளர்த்தார்கள், எங்கள் ஊர் ஆட்களும் கூட நின்று உழைத்தார்கள். மேட்டில் காடு திரும்பி வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டோம். காடு திரும்பியதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் பள்ளத்துப் பூவும் திரும்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பொங்கல் கழிந்து, பேரனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கழுவேலிப் பக்கம் போனேன். ஒரு தாழ்ந்த நிலம், மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். கற்கள் பாதி தண்ணீரில். கற்களுக்கு நடுவே, வரிசை வரிசையாய், கொட்டி பூத்திருந்தது. இடம் எதுவென்று சொல்லப்போவதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று நான் அந்தப் பூவைப் பார்த்து. வண்டியை விட்டு இறங்கி நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா தாத்தா, மனை பாக்க வந்தீங்களா?" என்றார். "இல்லம்மா, இந்தப் பூவைப் பாக்கறேன். இது இன்னா பூ, தெரியுமா?" என்று கேட்டேன். "கொட்டி. இப்ப தோண்டினா சேறுதான் வரும். மாசி போவட்டும்" என்றார்.

மாசி போய்ப் பங்குனிக் கடைசியில் மறுபடி போனேன். சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே மூன்று அடி உயரத்துக்கு எங்கள் மேட்டுச் செம்மண்ணை லாரியில் கொண்டுவந்து அடித்துச் சமன் செய்திருந்தார்கள். வேலிக்கு வெளியே, ரோட்டோர வாய்க்காலில், காய்ந்த காம்பு நாலைந்து இருந்தது. பேரன் தோண்டிப் பார்க்கலாமா என்றான். வேண்டாம் என்றேன். அந்த வாய்க்காலைத் தூர்வார இன்னும் ஆள் வரவில்லை.